பிச்சிக்கொடிக்கு நான் வைத்த உரம்

ஈரக் கையில் யூரியாவை அள்ளினால் குளிரும். பெப்பர்மிண்ட் மிட்டாய் தின்ற வாயைத் திறந்து மூச்சிழுத்தால் வருமே, அந்த மாதிரிக் குளிர்ச்சி. பத்து வயதில் என் உள்ளங்கைக்குப் பழகிப்போன சங்கதி அது.

என்னோடு பள்ளியில் படித்த நீங்கள் பாதிப்பேர் இப்போது மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருக்கிறீர்கள். முன்நெற்றியில் இரண்டு நரை, இடுப்பில் ஒரு பிள்ளை, மாடியில் பத்துத் தொட்டி என்று நம் எல்லாருக்கும் ஒரே கதைதான். சங்குப்பூக் கொடிக்கு என்ன போட, நந்தியாவட்டைக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை உரம் வைக்க என்று என்னிடம் கேட்கிறீர்கள். நான் ஒரு பூவின் படத்தை அனுப்பிவிட்டு நழுவிவிடுகிறேன். அது திமிர் இல்லை, பயம். போன வாரம் தொட்டிக்கு மண்புழு உரம் வைத்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஒரு ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு வந்து, "பூவுக்கு மம்மு நான் ஊட்டுதேன்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். பிள்ளை பயந்து அழுதது. நான் கத்தியது சரியா தப்பா என்று அன்று முழுக்க யோசித்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத எழுத, பயத்தைவிட நன்றிதான் அதிகமாக எழுந்து வருகிறது.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம். தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் ஏறினால் குற்றால மலை முழுதும் தெரியும். மேகம் விலகும் நேரத்தில் அருவி ஒரு வெள்ளை நூலாகத் தொங்கும். ஜூன் பிறந்ததும் மலைப் பக்கமிருந்து சாரல் வரும். குடை பிடித்தாலும் நனைப்பது, நனைந்தாலும் தெரியாதது. தெரு ஈரம், கொடியில் போட்ட பாவாடை ஈரம், பள்ளிக்கூட நோட்டின் ஓரம்கூட ஈரம். தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தான் குச்சி பற்றும்.

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கிற இடம். அதற்கு மேல் ஒரு தகரக் கூரை. கூரைக்குக் கீழே, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பிச்சிக்கொடி. அம்மா சுந்தரபாண்டியபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. தகரத்தின் இடுக்கு வழியாக மேலேறி மாடிப் பந்தலில் படர்ந்திருந்தது. விடிகாலையில் மாடிக்குப் போனால் மொட்டெல்லாம் அடியில் லேசான ரோஸ் நிறத்தோடு விரிந்து கிடக்கும். முதல் கை சாமி படத்துக்கு. இரண்டாவது கை அம்மாவின் தலைக்கும் என் தலைக்கும். மூன்றாவது கை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு அத்தைக்கு.

அத்தை சொந்த அத்தை இல்லை. அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை; அம்மாவும் அவளும் ஒருவருக்கொருவர் மதினி. அவள் வீட்டு மாமா நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர். சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் கடை போட்டு அங்கேயே தங்கிவிடுவார். அத்தை வீட்டில் மீன் இல்லாமல் வாரம் போகாது. எங்கள் வீட்டிலோ முட்டை என்ற சொல்லைச் சொன்னாலே அப்பா முகம் சுளிப்பார். ஆனாலும் இரண்டு வீடும் ஒட்டாகத்தான் இருந்தோம்.

அந்த ஜூனில் அம்மாவுக்கு ஆறாவது மாதம். எனக்குப் பிறகு இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. அது அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மாவைச் சுந்தரபாண்டியபுரத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நேரத்தில் அம்மா நோட்டுத்தாள் ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். இரண்டு விஷயம் எனக்கு. பிச்சிக்கு உரம், செம்பருத்திக்கு உரம். மற்றதெல்லாம் அப்பாவுக்கு.

"பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கரண்டி யூரியா. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவும். மண்ணைக் கிளறி மூடவும். பிறகு இரண்டு குடம் தண்ணீர். மழை பெய்தால் தண்ணீர் வேண்டாம்."

யூரியா ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் இருந்தது. கரண்டி என்பது அந்த டப்பாவோடு வந்த நீலநிற அளவுக் கரண்டி. இப்போது அதைப் போல ஒன்றில்தான் என் மகளுக்குப் பால்பவுடர் அளந்து போடுகிறேன், தலைதட்டி, இரண்டு முறை சரிபார்த்து. அந்தத் தாளும் டப்பாவும் எந்த வீடு மாற்றத்தில் போயின என்று தெரியவில்லை.

முதல் தடவை சொன்னபடிதான் செய்தேன். அப்புறம் ஒரு நாள் அப்பா தெருமுனைக் கடையிலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்தில் நின்றேன். "எட்டு மாசம் தாண்டிட்டா பயமில்லங்காங்க டாக்டரு. அது வரைக்கும் சாமிதான்" என்றார். சாமியிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிச்சிக்கொடியிடம் பேசலாம் என்று தோன்றியது. கொடி நன்றாகப் பூத்தால் அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது என்று நானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். பள்ளிவிட்டு வந்ததும் தினமும் இரண்டு கரண்டி. அம்மாவுக்கு ஒன்று, பாப்பாவுக்கு ஒன்று. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. என் சாண் அம்மாவின் சாணில் பாதிதான் இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. செம்பருத்திக்கும் ஒரு கரண்டி போட்டேன், அது கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று.

தண்ணீர் ஊற்றவில்லை. மழைதான் பெய்துகொண்டிருந்ததே. தகரக் கூரையிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் பளபளவென்று நனைந்திருந்தது. சாரலை மழையில்லை என்று எந்தத் தென்காசிப் பிள்ளை சொல்லும்?

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, இலைகளின் ஓரம் பழுப்பானது. இஸ்திரிப் பெட்டி பட்ட துணி போல. பிறகு மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. திறந்த வெளியில் நின்ற செம்பருத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கொழுகொழுவென்று தழைத்தது. பிச்சி மட்டும் மேலிருந்து கீழே கருகிக்கொண்டு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதியச் சாப்பாடு அப்போது அத்தை வீட்டிலிருந்துதான். எனக்கென்று ஒரு பித்தளைத் தூக்கு. "இது மீனைக் கண்ணால பாக்காத சட்டி, பயப்படாமத் தின்னு" என்று அவள் தினமும் சொல்லுவாள். அந்த வாரம் தூக்கு பாதியாகவே திரும்பிப் போனது.

"ஏட்டி, என்ன செய்யுது ஒனக்கு? அம்மாவத் தேடுதோ?"

"இல்ல அத்தை."

"பொறவு யாம் மூஞ்சி இப்படி வத்திப்போன வழுதலங்கா மாதிரி இருக்கு?"

வழுதலங்காய் என்றால் கத்தரிக்காய். நான் தூக்கை மூடி அவள் கையில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொடியைப் பார்த்தார். கரையானாக இருக்கும் என்று அடியில் மண்வெட்டியால் கிளறினார். நான் பக்கத்தில் நின்றேன். யூரியா வெள்ளையாக வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது வேறு. மண்ணோடு சேர்ந்து ஜிகினாத்தூள் மாதிரி ஏதோ மின்னியது. அப்பா குனிந்து ஒன்றை நகத்தில் எடுத்துப் பார்த்தார். மீன் செதில். இன்னொரு வெட்டில் ஒரு முள். சுவரின் அடியில் கைநுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. கோணியை மடித்து அதற்கு முன்னால் வைத்திருந்ததால் அதுவரை எங்கள் கண்ணில் பட்டதில்லை. அந்தப் பக்கம் அத்தை மீன் கழுவுகிற கல்.

"தங்கச்சி!" என்று அப்பா சுவருக்கு மேல் குரல் கொடுத்தார்.

அத்தை தலையை மட்டும் நீட்டினாள். "என்ன அண்ணாச்சி?"

"இது என்ன?"

அத்தை அவர் விரலைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

"செதிலு."

"அது தெரியுது. எங்க வீட்டு மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சு? மீன் கழுவுன தண்ணிய இந்தப் பக்கம் விடுதீங்களா?"

"விடுதேன்."

"எத்தன நாளா?"

அத்தை வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

"கொஞ்ச நாளாத்தான்."

"இந்தப் பூவ நான் சாமிக்குல்லா போடுதேன்! மீன் தின்ன பூவ!"

"பூ எங்கன அண்ணாச்சி மீன் திங்குது? மண்ணுல்லா திங்குது."

"வெளையாடாதீங்க. உப்புத்தண்ணி, கவுச்சித்தண்ணி எல்லாம் போயி வேரு வெந்துபோச்சு. அவ வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

அத்தை சுவருக்கு மேல் இன்னும் கொஞ்சம் எட்டிக் குனிந்தாள். அவள் பார்வை கொடியின் அடியில், புரட்டிப்போட்ட மண்ணில் இருந்தது. அங்கே ஒரு கட்டிக்குள் வெள்ளைக் குருணைகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி அண்ணாச்சி. எம் மேல தப்புதான்" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அப்பா சிமெண்டைக் குழைத்து ஓட்டையை அடைத்தார். பித்தளைத் தூக்கைக் கழுவி என்னிடமே கொடுத்துத் திருப்பி அனுப்பினார். இனி அவர் செய்யும் உப்புமாதான் மதியத்துக்கும். தூக்கை வாங்கும்போது அத்தை, "ஒங்கப்பா உப்புமா கிண்டுவாராக்கும்? ஒங்கம்மா கேட்டா எந்திரிச்சு ஓடி வந்துருவா" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

என் அப்பா கெட்டவர் இல்லை. ஆலங்குளத்தில் வேலை, தினமும் இரண்டு பஸ், வீட்டில் சமையல், ராத்திரி எனக்குக் கணக்குப் பாடம், இத்தனையும் அவர்தான். பயந்துபோன மனிதர் கையில் கிடைத்ததை அடைக்கிறார் என்பது இன்றைக்குப் புரிகிறது. நானும் அப்படித்தானே, பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் எல்லா ஜன்னலையும் சாத்துகிறேன்.

திங்கட்கிழமை அப்பா ஆலங்குளம் பஸ்ஸைப் பிடிக்கப் போனதும் சுவருக்கு மேல் அத்தையின் தலை.

"எத்தன கரண்டி போட்ட?"

"தினமும் ரெண்டு."

"தண்ணி?"

"மழ பெஞ்சுதே அத்தை."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வெரல மண்ணுல விட்டுப் பாரு."

விட்டேன். மேலே ஒரு நகம் அளவுக்குப் பிசுபிசுப்பு. அதற்குக் கீழே, கோடைக்காலத்துப் புழுதி. சூடாகக்கூட இருந்தது போல ஒரு நினைவு. தகரக் கூரை சாரலை வேருக்கு விடவே இல்லை. இலை நனைந்ததையெல்லாம் நான் மழை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு முறை அத்தை வீட்டுத் தண்ணீர் வந்ததால்தான் அத்தனை வருடமும் அந்த இடம் காயாமல் இருந்திருக்கிறது. மாமா குற்றாலத்துக்குப் போய்விட்டதால் அந்த மாதம் அதுவும் குறைந்துபோயிருந்தது.

அத்தை சுவருக்கு மேலே குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தாள். நான் வாங்கி ஊற்றினேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. பாவாடை, ரிப்பன், எல்லாம் சேறு. இருபது குடத்துக்கு மேல் எண்ணவில்லை.

"அப்பாட்ட சொல்லிருவீங்களா அத்தை?"

"ஒங்கப்பாதான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிட்டாருல்லா. அத அடிச்சுத் திருத்த எனக்கு நேரமில்ல. கொடத்தப் பிடி."

நானே சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த ஞாயிறு சுந்தரபாண்டியபுரம் போகிற பஸ்ஸில் அப்பா தோளில் சாய்ந்துகொண்டு போனபோது சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் சூரியகாந்தி. வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா வீட்டில் அம்மா, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, படுத்திருந்தாள்.

"பிச்சி எப்படிட்டி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன்.

"மதினி பாத்துக்கிடுதாளா?"

அப்பா என்னை முந்திக்கொண்டு, "எல்லாம் நல்லா இருக்கு. நீ அதையும் இதையும் நெனைக்காத" என்றார். டாக்டர் அம்மாவுக்கு வருத்தம் கூடாது என்று சொல்லியிருந்தார். இப்படி ஆளாளுக்கு ஒருவர் நன்மைக்காக இன்னொருவர் மறைத்துக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் மீன் தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு தெருச் சாக்கடைக்கு நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காரி. அப்பா எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் அத்தை நின்றாள். அம்மாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அப்பா ஆபீசிலிருந்து நேராக அங்கே போய்விட்டு, தெருமுனைக் கடைக்குப் போன் செய்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். யார் பார்த்துக்கொள்ள என்று சொல்லவில்லை. கடைக்காரர் யோசிக்காமல் அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அத்தை மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது. என்னையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். அருவிக்குப் போகிற பாதையில் கடை. கொதிக்கிற தேங்காய் எண்ணெய், நேந்திரங்காய்த் தோல், நனைந்த ஜனம், எல்லாம் சேர்ந்த வாசம். அருவியின் இரைச்சலில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது. அதனால்தானோ என்னவோ நான் கத்திச் சொல்லிவிட்டேன்.

"நான் கொடியக் கருக்குனதுனாலதான் அத்தை அம்மாவுக்கு இப்படி ஆச்சு!"

மாமா கரண்டியை எண்ணெயில் விட்டபடியே திரும்பிப் பார்த்தார். அத்தை என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினாள்.

"ஏட்டி கூறுகெட்டவளே. ஒங்கம்மா வயித்துக்கும் அந்த வேருக்கும் நடுவுல கொழாயா போட்டு வச்சிருக்கு?"

"இல்ல."

"பொறவு? நீ போட்ட உரம் பிச்சியத் தாண்டி எங்கனயும் போகாது. மூக்கச் சிந்து."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மாமா சூடான சிப்ஸைத் தாளில் சுருட்டிக் கொடுத்தார். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாதிச் சுமை அங்கேயே இறங்கியது. யாராவது ஒருவர் அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் நான் என்னவாக ஆகியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். அத்தை வீட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். சவரம் செய்யாத முகம்.

"பையன். முந்திப் பொறந்துட்டான். கண்ணாடிப் பெட்டில வச்சிருக்காங்க."

"மதினி?"

"நல்லா இருக்கா."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு இட்லி தின்னுட்டுப் போங்க அண்ணாச்சி."

"வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவர் கைக்குள் என் கை கூசியது. அந்த நன்றியைச் சொல்லவிடாமல் நடுவில் நின்றது நான்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நாற்பது நாளுக்கு மேலானது அம்மா வீடு வர. பெரியம்மாவும் கூட வந்தாள். தம்பி ஒரு துண்டுக்குள் கத்தரிக்காய் அளவுக்கு இருந்தான். வெளியிலிருந்து வந்தால் பின்பக்கம் போய்க் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளையைத் தோளில் போட்டபடி அம்மா பின்பக்கம் வந்தாள். கருகியதை வெட்டிவிட்ட பிச்சி அடியில் மூன்று துளிர் விட்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு சிமெண்ட் பூச்சைப் பார்த்தாள்.

"இத யாரு அடச்சா?"

அப்பா நடந்ததைச் சொன்னார். நிதானமாகத்தான் சொன்னார். மீன் செதில், முள், சாமிக்குப் போட்ட பூ, எல்லாம். "கேட்டேன், தங்கச்சியே ஒத்துக்கிட்டா. கொஞ்ச நாளா விட்டாளாம். அதான் கொடி வெந்துபோச்சு."

அம்மாவின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வந்து, பிள்ளையின் முதுகைத் தட்டி, விழுங்கினாள். அத்தை அன்றைக்குச் சுவருக்கு மேல் வாயைத் திறந்து மூடியது மாதிரியே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அத்தை அங்கே இருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. இப்போதும் நான் பேசாவிட்டால் அந்தச் சத்தம் மறுபடி தொடங்கிவிடும், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டே இருப்பாள் என்று தோன்றியது.

"நான்தான்ப்பா" என்றேன்.

"என்ன நீதான்?"

"யூரியா. தினமும் ரெண்டு கரண்டி போட்டேன். தண்ணி ஊத்தல. அதுல கருகிருச்சு. அத்தைக்குத் தெரியும். அத்தைதான் தண்ணி குடுத்தாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"அப்ப அந்த மீன் தண்ணி?"

"அது நான் விடச் சொன்னது" என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. "பிச்சி ஒரு வருசம் பூக்காமக் கெடந்துச்சுல்லா. மதினிதான் சொன்னா, கவுச்சித்தண்ணி விட்டாப் பூக்கும்னு. ஒங்களுக்குத் தெரிஞ்சா விட மாட்டிய. நாந்தான் கம்பியால அந்த ஓட்டையப் போட்டேன். அஞ்சு வருசமா அது தின்னது மீனுதான். நீங்க சாமிக்குப் போட்டதும் அந்தப் பூதான். சாமி ஒண்ணும் கேக்கல."

அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். தகரத்தில் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "மதினி, பச்ச ஒடம்போட ஈரத்துல நிக்காதிய. மொதல்ல உள்ள போங்க."

அன்று சாயங்காலம் பெரியம்மா ஒரு பேச்சை எடுத்தாள். பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சீனித்தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருந்ததால் தம்பிக்கு அது நடக்கவில்லை. (ஆறு மாதம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று என் மகளின் டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுக்கு நான் வைக்கவிடவில்லை. சரியான முடிவுதான். ஆனாலும் யாரை வைக்கச் சொல்லியிருப்பேன் என்று அவ்வப்போது யோசிக்கிறேன்.)

"பெரிய உத்தியோகத்துல இருக்கவங்க யாராச்சும் தொட்டு வைக்கட்டும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் பெரியம்மா.

அப்பா யோசிக்கவில்லை. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டைத் திறந்து உள்ளே போய் முற்றத்தில் நின்றார்.

"தங்கச்சி. பிள்ளைக்குச் சேன வைக்கணும். நீங்க வரணும்."

அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவு லேசில் விடுவாளா அவள்?

"இப்பத்தான் சாளை மீன் கழுவிட்டு நிக்கேன் அண்ணாச்சி. கையெல்லாம் கவுச்சி. சோப்புப் போட்டாலும் போவாது."

அப்பா அவள் கையைப் பார்த்தார்.

"இருந்தா இருக்கட்டும் தங்கச்சி. வாங்க" என்றார்.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அப்புறம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். அவள் சுண்டுவிரல் நுனியில் இருந்த ஒரு துளியைத் தம்பி சப்புக்கொட்டினான்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தையிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் அம்மா சொல்லித்தான் மீன் தண்ணீர் விட்டேன் என்று சொல்லவில்லை என்று. "ஒங்கம்மாவுக்குன்னு அந்த வீட்டுல தனியா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து நான் ஒங்கப்பா கையில குடுக்கணுமா?" என்றாள். என்னைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

போன வருடம் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நொடியில் என் மகள் கட்டிலிலிருந்து விழுந்தாள். புருவத்தில் இரண்டு தையல். வீட்டில் எல்லாரிடமும் கதவு இடித்துவிட்டது என்று சொன்னேன். தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "சரிக்கா. பிள்ள தூங்குதாளா? நீ சாப்டியா?" என்று மட்டும் கேட்டான். பொங்கலுக்கு எல்லாரும் கூடியபோது என் மாமியார் தழும்பைத் தடவி, எந்தக் கதவு, எப்படி இடித்தது என்று துருவ ஆரம்பித்தார். நான் குனிந்து கரும்புச் சக்கையைப் பொறுக்கினேன். கரும்பைக் கடித்துக்கொண்டிருந்த தம்பி அவரிடம், "கதவு இல்ல அத்தை, நாந்தான் தூக்கிப் போட்டு வெளையாடும்போது கைதவறி விட்டுட்டேன்" என்றான். எல்லாரும் அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் இல்ல அத்தை. நான்தான்" என்றேன்.